கண்ணை மூடு, வாயைத் திற

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை அறை. அதன் வாசலில் தொடங்கிய வரிசை தையல் கடையைத் தாண்டி, மருந்துக் கடையையும் தாண்டி நின்றது. எல்லோரும் கன்னத்தில் கை வைத்திருந்தார்கள். உள்ளே புழு வைத்தியர் சொத்தைப் பல்லிலிருந்து புழு எடுத்துக்கொண்டிருந்தார். "கண்ணை மூடு, வாயைத் திற" என்பார். பஞ்சால் பல்லை ஒற்றி, கிண்ணத்துத் தண்ணீரில் உதறுவார். ஒரு வெள்ளைப் புழு நெளியும். வந்தவர் சிலிர்த்துப்போவார். வலி போகவில்லையா? அது புழுவின் பிள்ளைகளாம், மறுபடி வரவேண்டுமாம்.

வீங்கிய கன்னத்தோடு அக்காவும் அந்த வரிசையில் நின்றாள். துணைக்கு அவளுடைய மாமனார். தேடிக்கொண்டு தங்கை வந்து சேர்ந்தாள். சொத்தைக் கிருமியை ஒட்டவிடாத புதுப் பல் அடைப்புப் பசையை உருவாக்கும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. வருஷக்கணக்கில் சோதித்தும் இன்னும் யார் வாயிலும் அதை வைக்கத் துணியவில்லை. வைத்தியருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது.

"அக்கா, இப்பவே பல் டாக்டர்கிட்ட போனா பல்லைக் காப்பாத்திடலாம். தள்ளிப்போட்டா பிடுங்கத்தான் வேணும்."

"உங்க பசை எப்ப வருமோ. இவரு கையோட எடுத்துக் காட்டுறாரு. போன தடவை என் கண்ணால பார்த்தேன்டி."

கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தாள்.

தங்கைக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் வேலைப் பழக்கம் கைகொடுத்தது. ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு சோதனையிலும் கிருமியே இல்லாத பல் துண்டு ஒன்றையும் சேர்த்து வைப்பார்கள். அதிலும் கிருமி இருப்பதாக வந்தால், கோளாறு சோதனையில்தான்.

"மாமா, அக்காவுக்கு முன்னாடி நீங்க போய் உட்காருங்க" என்றாள். மாமனார் புரிந்துகொண்டு மீசைக்குள் சிரித்தார்.

வைத்தியர் ஒற்றினார், உதறினார். புழு நெளிந்தது. "பாருங்க பெரியவரே, வேர் வரைக்கும் இறங்கிக் குடித்தனம் நடத்தியிருக்கு."

மாமனார் வாய்க்குள் விரலை விட்டு, மேல்வரிசை கீழ்வரிசை இரண்டையும் கழற்றி மேசைமேல் வைத்தார். "அந்த வேர் எங்கன்னு கொஞ்சம் காட்டுங்க தம்பி" என்றார் பொக்கை வாயால்.

தங்கை வைத்தியரின் பஞ்சுப் பொட்டலத்தைப் பிரித்தாள். அடுத்தடுத்த வாய்களுக்கான புழுக்கள் உள்ளே தயாராக இருந்தன.

"இது பல்செட் புழு. புது ரகம்" என்றார் வைத்தியர், பெட்டியை மூடியபடி. வரிசையில் ஒருவர் அதையும் நம்பி, தன் பல்செட்டைத் தடவிப் பார்த்தார்.

அக்கா தங்கையின் கையைப் பிடித்தாள். "டாக்டர் இப்ப இருப்பாராடி?"

"இருப்பாரு, வா."

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இனி யாராவது கண்ணை மூடி வாயைத் திறக்கச் சொன்னால், மாற்றிச் செய்து பாருங்கள்: வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்து வையுங்கள்.