ஒரு சொம்பு நார்ச்சத்து

காலை ஐந்தே முக்கால். பத்துக் குட்டிகள். கிறிஸ்டினா.

கிறிஸ்டினா என் மனைவி. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி விடுதியின் சமையற்கூடம் அவள் பொறுப்பில் இருக்கிறது. எழுநூறு பேர் வயிற்றைக் கவனிக்கிறவள், வீட்டுக்குப் பின்னால் நான் வளர்க்கும் பன்றிகளின் வயிற்றில் அதுவரை தலையிட்டதில்லை. அன்று துடைப்பத்தோடு கொட்டகையில் நின்றாள். தாயிடம் பால் மறக்கடித்து அதிக நாள் ஆகாத குட்டிகள். தரை முழுக்கக் கழிச்சல்.

"ஏங்க, என்ன இது?"

"பால் மறந்த குட்டிங்க அப்படித்தான் கிறிஸ்டி. தானா சரியாயிடும்."

"அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். ஆகலைன்னா அண்ணன் வண்டியோட வருவாரு. தாய், குட்டி எல்லாத்தையும் ஏத்தி விட்டுடுவேன்."

அண்ணன் என்றால் வேதசிரோமணி. படப்பைப் பக்கம் பெரிய பன்றிப் பண்ணை வைத்திருக்கிறார். என்னை நலம் விசாரிக்கும் சாக்கில் என் பன்றிகளை நலம் விசாரிப்பவர். பன்றிகள் போனால் நான் விட்டுவிட்டு வந்த இன்சூரன்ஸ் வேலைக்கே திரும்ப வேண்டும். இதுவரை எந்தப் பன்றியும் என்னிடம் "அடுத்த மாசம் வாங்க சார்" என்று சொன்னதில்லை.

கால்நடை டாக்டர் மாளவிகா வந்து பார்த்தார்.

"குட்டிங்க குடலுக்குப் பால்தான் பழக்கம் சார். திடீர்னு தீவனம் போட்டா தாங்காது. புரதத்தைக் குறைங்க. இந்த நார்ச்சத்துப் பவுடரை ஊறவெச்சு தீவனத்துல கலங்க. குடல்ல இருக்கற நல்ல கிருமிக்கு இதுதான் சாப்பாடு."

"பன்னிக்கு நார்ச்சத்தா? அடுத்தது வாக்கிங் கூட்டிட்டுப் போகச் சொல்வீங்களா டாக்டர்?"

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. டப்பாவை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். கிறிஸ்டினா அவரை வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை, இருந்ததிலேயே சின்னக் குட்டி, ஒரு காது மட்டும் கறுத்தது, எழுந்திருக்கவில்லை. முருங்கை மரத்தடியில் குழி தோண்டினேன். கிறிஸ்டினா மண்ணைத் தள்ளி மூடினாள். திட்டியிருக்கலாம்.

டாக்டரிடம் போய் டப்பாவைக் கேட்க முகம் இல்லை. ஆனால் வீட்டில் வேறொரு நார்ச்சத்து இருந்தது. என் மலச்சிக்கலுக்கு எங்கள் குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்த இசப்கோல். தினம் காலையில் கிறிஸ்டினா ஒரு டம்ளரில் கலக்கித் தருவாள். போஸ்டர் ஒட்டுகிறவரிடம் பசையை வாங்கிக் குடிப்பது போலிருக்கும். எனக்கு வேண்டாதது குட்டிகளுக்குத் தேவை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

"கொட்டகையைப் பார்த்துக்கிட்டே குடிக்கிறேன்" என்று டம்ளரோடு போனேன். தீவனத் தொட்டியில் ஊற்றினேன். காலி டம்ளரோடு, கசந்த முகத்தோடு திரும்பினேன்.

மறுநாள் டம்ளருக்குப் பதில் சொம்பு வந்தது.

"எதுக்கு இவ்ளோ?"

"உங்களுக்கு டோஸ் பத்தல."

முகத்தைச் சுளித்தேன். மனதுக்குள் கொண்டாட்டம். நிறம் கொஞ்சம் பழுப்பு, வாசனை தவிடு. "புது கம்பெனியா?" என்றேன். "ஆமா" என்றாள்.

புதன்கிழமை மட்டும் சோதனை. கொட்டகை வரை கூடவே வந்து, "குடிங்க, சொம்பைக் கழுவணும்" என்று நின்றாள். முழுச் சொம்பும் குடித்தேன். குட்டிகள் தொட்டியோரம் நின்று என்னையே பார்த்தன.

வார இறுதிக்குள் கழிச்சல் நின்றது. குட்டிகள் ஓடின, ஒன்றையொன்று முட்டின. விநோதம் என்னவென்றால், அந்தப் புதன்கிழமை தவிர மருந்தே குடிக்காத என் வயிறும் கடிகாரம் போல வேலை செய்தது. மகிழ்ச்சிதான் காரணம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை வேதசிரோமணி வண்டியோடு வந்தார். கொட்டகைத் தரையைக் குனிந்து பார்த்தார்.

"கெட்டியா கீதே மச்சான். இன்னா குடுத்தீங்க?"

அங்கேதான் வாயை மூடியிருக்க வேண்டும். "என் இசப்கோல்தான். உங்க தங்கச்சிக்கே தெரியாம" என்றேன்.

அவர் தங்கச்சியைப் பார்த்தார்.

"முதல் நாளே சமையலறை ஜன்னல்ல பார்த்தேன்" என்றாள் கிறிஸ்டினா. "ரெண்டாம் நாள்லேர்ந்து சொம்புல இருந்தது டாக்டர் குடுத்த பவுடர். அன்னைக்கே வாசல்ல வாங்கி வெச்சுட்டேன்."

"அப்ப என் இசப்கோல்?"

"சப்பாத்தி மாவுல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே கிறிஸ்டி."

"டாக்டர் சொல்லியே கேக்கல. தீவனத் தொட்டிகிட்டயும் யாரையும் விடமாட்டீங்க. திருட்டுத்தனமா ஊத்தணும்னா மட்டும் ஒரு நாள் தவறாம போறீங்க."

"புதன்கிழமை நான் குடிச்சேனே, அது?"

"பன்னியோடதுதான். ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரைக் கேட்டுட்டேன்."

"எந்த டாக்டரை?"

"மாளவிகா மேடத்தைத்தான்."

வேதசிரோமணி வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிறிஸ்டினா சிரிக்கவில்லை. முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் நாளே உங்களைத் தள்ளிட்டு நானே கலந்திருக்கணும்" என்றாள். "விட்டுட்டேன்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். வண்டி காலியாகத் திரும்பியது. தீவன மூட்டை அன்றே சமையலறைக்குப் பக்கத்து அறைக்குப் போனது. சாவி அவளிடம்.

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்குப் பால் மறக்கடித்தோம். பதினொன்றும் பிழைத்தன. தீவனத்தில் நான் கை வைக்கவில்லை.