உறவினர் அல்லாத கண்காணிப்பாளர்

பட்டியல் போட்டு வைத்தால் எதுவும் தவறாது என்று ஒரு காலத்தில் நம்பினேன். இன்றும் நம்புகிறேன். ஆனால் பட்டியலில் பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு, அதில் யாராவது கையில் மணியோடு வந்து நிற்கலாம் என்பதையும் சேர்த்து நம்புகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, காரைக்குடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கனடாவில் ஒரு பல்கலைக்கழகம் இன்டர்நெட் வழியாகவே இரண்டு வருடப் படிப்பு நடத்துகிறது என்று தெரியவந்தது. நுழைவுத் தேர்வில் தேறினால் கட்டணமும் கிடையாது. அப்போது தேவகோட்டையில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் எங்கள் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் என்பதால் பேச்சு தள்ளிப் போயிருந்தது.

அப்பா சொன்னார்: "ஈஸ்டருக்குள்ள எடம் கெடச்சா ரெண்டு வருசம் படி. கெடைக்கலன்னா தேவகோட்டைக்குச் சரின்னு சொல்லிருவேன்."

அன்றே பதினெட்டு அம்சப் பட்டியல் தயாரானது. மின்தடை இல்லாத நேரம், மோடம் உள்ள இடம், பென்சில் இரண்டு (எதற்கு என்று இன்றுவரை தெரியாது). எல்லாம் எளிதாக முடிந்தன, ஆறாவதைத் தவிர. "தேர்வை நேரில் கண்காணிக்க, சமூகத்தில் மதிப்புள்ள, விண்ணப்பதாரருக்கு உறவினர் அல்லாத ஒருவர்."

எங்கள் ஊர்க் கத்தோலிக்கர்களிடம் இப்படி ஒரு நிபந்தனை போடக்கூடாது. தலைமையாசிரியர் அப்பாவுக்குப் பங்காளி. வங்கி மேலாளர் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. டாக்டர் யாரோ என்று நிம்மதியாக இருந்தேன். அம்மா யோசித்து, "அவுக சம்சாரம் நம்ம ரோசிக்கு நாத்தனாருல்ல" என்றார். மிஞ்சியவர் ஸ்டெல்லா டீச்சர் மட்டும். ராமநாதபுரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அரசுத் தேர்வுகளில் பறக்கும் படைக்குப் போகிறவர். அவர் வராந்தாவில் நடந்தாலே உள்ளே விடைத்தாள்கள் தாமாக மூடிக்கொள்ளும் என்பார்கள்.

தேர்வு நாளன்று செல்வம் அண்ணனின் பிரவுசிங் சென்டருக்கு டீச்சர் கஞ்சி போட்ட சேலையில் வந்தார். பையிலிருந்து கைமணி, சணல் கயிறு, அரக்கு, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி ஆகியவற்றை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். அந்த வரிசையைப் பார்த்து எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஒருவர் மின்னஞ்சல் தட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க யாருக்கு எழுதுறீக?"

"சிங்கப்பூர்ல அண்ணனுக்கு டீச்சர்."

"பரீட்சை ஹால்ல அண்ணனுக்கெல்லாம் எழுதக் கூடாது. எந்திரிச்சு அங்குட்டுப் போங்க."

அவர் அண்ணனைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனார். செல்வம் அண்ணன் எனக்கு டீ கொண்டுவந்தார். டீச்சர் கிளாஸைத் தூக்கி அடியில் ஏதும் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் குடிக்க விட்டார்.

இரண்டு மணி நேரம். ஐம்பது கேள்விகள். திரையின் மூலையில் கடிகாரம் பின்னோக்கி ஓடியது. நேரம் தீர்வதற்குள் கடைசியில் உள்ள 'சப்மிட்' பொத்தானை அமுக்காவிட்டால் எழுதியது ரத்து. எல்லாம் தெரிந்ததுதான், என் பட்டியலில் பதினெட்டாவதே அதுதான். ஐம்பதையும் முடித்து, பதினேழாவதான "மறுபடி சரிபார்" என்பதில் இருந்தேன். திரையில் இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. டீச்சரின் கைக்கடிகாரத்தில் ஒரு நிமிடமும் இல்லை.

மணி அடித்தது.

"கைய எடு."

"டீச்சர், இந்தப் பொத்தான அமுக்குனாத்தான் அங்க போய்ச் சேரும்."

"மணி அடிச்ச பெறகு ஒரு புள்ளி வைக்கக் கூடாது. பொத்தான் மட்டும் என்ன ஒசத்தியா?"

"இது எழுதுறதில்ல டீச்சர். குடுக்குறது."

"குடுக்குறது ஒன் வேலையில்ல. வாங்குறது என் வேலை."

நான் கம்ப்யூட்டரின் உள்ளுறுப்புகளைக் கழற்றி மாட்டத் தெரிந்தவள். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் மௌஸ் இருந்தது. ஆனால் பன்னிரண்டு வருடப் பள்ளிக்கூடம் என் தோளைப் பிடித்துத் தூக்கியது. எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

டீச்சர் மானிட்டரையும் கீபோர்டையும் மௌஸையும் சேர்த்துச் சணலால் குறுக்கும் நெடுக்கும் கட்டினார். மெழுகுவர்த்தி ஏற்றி, அரக்கை உருக்கி, முடிச்சின்மேல் ஊற்றினார்.

"இனி அவுக ஆளு வந்துதான் பிரிக்கணும்."

"டீச்சர், அவுக கனடாவுல இருக்காக" என்றார் செல்வம் அண்ணன், தன் மானிட்டரைப் பார்த்தபடி.

"வரட்டும்."

சணலின் இடுக்கில் கடிகாரம் தெரிந்தது. மூன்று நிமிடம். இரண்டு. நாங்கள் மூவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம், ஏதோ அஞ்சலி செலுத்துவதுபோல. பூஜ்யம் வந்ததும் திரை வெறுமையாயிற்று.

"என்ன டீச்சர், அழிஞ்சிருச்சே" என்றேன்.

டீச்சர் முதல்முறையாகத் தடுமாறினார். உட்கார்ந்து, நடந்ததை ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினார். தேர்வு நேரம் முழுவதும் மாணவி வலப்பக்கமோ இடப்பக்கமோ திரும்பவில்லை (திரும்பினாலும் அங்கே யாரும் இல்லை), தவறு முழுதும் கண்காணிப்பாளருடையது என்று முடித்து, பதிவுத் தபாலில் கனடாவுக்கு அனுப்பினார். மின்னஞ்சலுக்கு அரக்கு வைக்க முடியாது என்பதால் அதில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

தினமும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். தேவகோட்டையிலிருந்து இரண்டு முறை ஆள் வந்து போனார்கள். ஈஸ்டருக்கு ஒரு வாரம் முந்தைய குருத்தோலை ஞாயிறும் கழிந்த பிறகு பதில் வந்தது. இப்படியொரு கண்காணிப்பு அறிக்கையை அவர்கள் பார்த்ததே இல்லையாம். மறுதேர்வுக்கு அனுமதி. இம்முறை கணினியைக் கட்ட வேண்டாம் என்று பணிவான வேண்டுகோள்.

புதன்கிழமை மறுபடி எழுதினேன். முடித்ததும் எழுந்து நின்றேன். டீச்சர் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, ஆள்காட்டி விரலால் சப்மிட்டை அமுக்கினார். வாங்குவது அவர் வேலை. பெரிய சனிக்கிழமை இடம் கிடைத்த செய்தி வந்தது. அப்பா மறுநாள் ஈஸ்டர் பூசை முடிந்து தேவகோட்டைக்குப் போன் போட்டு, இப்போதைக்கு இல்லை என்றார்.

இரண்டு வருடத்தில் சான்றிதழும் வந்தது. கூடத்தில், இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மாட்டினோம். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் சிவகங்கையில் ஒரு கல்யாணம். பந்தியில் அம்மாவும் டீச்சரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பேச்சோடு பேச்சாக, அம்மாவின் பெரியம்மா மகளை டீச்சரின் சித்தப்பா மகனுக்குக் கொடுத்திருப்பது தெரியவந்தது.

"அப்ப நீங்க எனக்கு மதினியால்ல வேணும்" என்று அம்மா பூரித்தார். "எம் மகளுக்கு அத்தை."

டீச்சர் ரசத்தில் கை வைத்தபடி அப்படியே இருந்தார். பிறகு இலையை மூடிவிட்டு எழுந்தார். திங்கட்கிழமை கனடாவுக்கு ஒரு பதிவுத் தபால் போனது: மாணவி உறவினர் அல்லர் என்று தான் அளித்த உறுதிமொழி தவறு, அத்தை முறை, தக்க நடவடிக்கை எடுக்கவும்.

பதில் இன்றுவரை வரவில்லை. அத்தை இன்னும் எதிர்பார்க்கிறார். வீட்டுக்கு யார் வந்து அந்தச் சான்றிதழைப் பார்த்து என்ன படிப்பு என்று விசாரித்தாலும், அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்:

"படிச்சிட்டா. ரிசல்ட்டத்தான் நிறுத்தி வச்சிருக்காக."