முளைப்பயறு கை நனைத்த கதை

ஆயுத பூஜைப் பொரியைத் தண்ணீரில் கழுவித் தின்ற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து மெஷினில் நின்றுகொண்டு வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். பொரியில் உப்பு இருக்கிறதாம். அதைப் போக்க டிபன் பாக்ஸ் மூடியில் தண்ணீர் ஊற்றி அலசுவார். பாதி கரைந்து ஓடிவிடும், மீதி கையில் பசையாக ஒட்டிக்கொள்ளும். அதையும் விரல் விரலாக நக்கிவிட்டு, "இப்பதான் அண்ணாத்தே இது சாப்பாடு" என்பார்.

சம்பளச் சீட்டில் அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. ஆவடித் தொழிற்சாலையில் யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவர் முளைப்பயறு. அவசரத்துக்குப் பயறு. உப்பு, சர்க்கரை, எண்ணெய், புளி, அடுப்பு இவை ஐந்தும் மனித குலத்தின் எதிரிகள் என்பது அவர் கொள்கை. முளைகட்டின பயறு, ஊறவைத்த வேர்க்கடலை, வெள்ளரிக்காய், தேங்காய்ச் சில்லு. அவ்வளவுதான் அவர் ஆகாரம். அதையும் ஒவ்வொரு வாயும் தண்ணீராகும் வரை மெல்லுவார். சாப்பாட்டு மணி அடித்து நாங்கள் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டு, ஊர் வம்பு பேசி முடித்துத் திரும்பினால், அவர் இரண்டாவது வாயில் இருப்பார்.

இத்தனைக்கும் அவர் பிறவி ஒல்லி இல்லை. ஒரு காலத்தில் கல்யாணப் பந்தியில் அவருக்குப் பரிமாற மட்டும் ஒரு ஆளை நிறுத்துவார்கள் என்று வேலப்பன்சாவடிக்காரர்கள் சொல்வார்கள். அது அவருடைய சொந்த ஊர். தூணாக இருந்தவர் துடைப்பக்குச்சி ஆனது எப்படி என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றி வெள்ளரிக்காய்க்குப் போய்விடுவார்.

பயறு முளைகட்டுவதற்கு ஈரத்துணி மூட்டை ஒன்று எப்போதும் அவரோடு வரும். எங்களுடையது பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை. உள்ளே போகும்போதும் வரும்போதும் கேட்டில் சோதனை உண்டு. புதிதாக வந்த காவலர் ஒருவர் ஒருநாள் அந்த மூட்டையைப் பிரித்தார். உள்ளே பச்சைப் பச்சையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளை வால். மனிதர் இரண்டடி பின்னால் போய் விசிலை ஊதிவிட்டார். பெரிய அதிகாரி வந்து, அவருக்கும் பெரியவர் வந்து, பின்னால் நின்ற நாங்கள் எல்லோரும் வெயிலில் காய்ந்தோம். பயறு மட்டும் அசரவில்லை. "சார், ஒரு பிடி வாயில போட்டுப் பாருங்க. அப்பால கேஸ் எழுதுங்க" என்றார். பெரிய அதிகாரி போட்டுப் பார்த்தார். துப்பிவிட்டு, "இதை வெளியே கொண்டுபோய் யாரும் விற்க முடியாது, விடுய்யா" என்றார்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. எனக்குத் தொப்பை உண்டு. அந்தக் காலத்தில் அதற்கு வசதி என்று பெயர். "அண்ணாத்தே, உன் வவுத்துல ஒரு ஆள் குந்திகினு கீறான். அவன எறக்கி உட்டா நீ ஓடுவ" என்று தினமும் நச்சரித்தார். போகட்டும் என்று ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தேன். புதன்கிழமை சாயங்காலம் ஆவடி ஸ்டேஷன் வாசலில் பஜ்ஜிக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டு அழாத குறை. அவர் பாவம், என் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து ஒரு பஜ்ஜி கூடப் போட்டுக் கொடுத்தார்.

பயறு வீட்டில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் மனைவி சரோஜா எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலேயே கைமணத்துக்குப் பேர்போனவள். அவளுக்கும் மகள் கலாவுக்கும் வழக்கமான சமையல்தான். சாயங்காலம் அவள் வாணலி வைத்தால் போதும், பயறு முன்னறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படி வாசலில் போட்டு உட்கார்ந்துவிடுவார். வெங்காயம் வதங்கி முடியும் வரை கண்ணை மூடிக்கொண்டு மூச்சு இழுப்பார். இது என்னய்யா கூத்து என்று ஒருநாள் கேட்டேன்.

"துன்னாதான் ஒடம்புக்குக் கெடுதி அண்ணாத்தே. மோந்தா இன்னா வந்துச்சு?"

சரி, கலா கல்யாணத்துக்கு வருகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் பையன், முகப்பேர் ஹவுசிங் போர்டில் வீடு. பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், அவர்களுக்குப் பிடித்துவிட்டது. கலாவுக்கும் பிடித்துவிட்டது. எப்படித் தெரியும் என்றால், அதுவரை வாசலில் காய்கறிக்காரரிடம் கத்திப் பேசிக்கொண்டிருந்த பெண் அன்றிலிருந்து மெல்லப் பேச ஆரம்பித்தாள். அடுத்து நாங்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். நாலு வார்த்தை பேச ஆள் வேண்டும் என்று பயறு என்னையும் அழைத்துப் போனார். நானும் பேசத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. சம்பந்தம் பிடித்திருந்தால் அந்த வீட்டில் இலை போட்டு உட்கார்ந்து கை நனைக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். வேண்டாம் என்று யாரும் வாயைத் திறக்க வேண்டாம், காய்ந்த கையே சொல்லிவிடும். பயறுக்கு இது தெரியாதா? எல்லாம் தெரியும். பஸ்ஸில் சரோஜா தலைதலையாக அடித்துக்கொண்டு, "ஒரே ஒரு வாய் வச்சிடுய்யா" என்று சொன்னாள். அவரும் ஜன்னல் பக்கம் பார்த்து "உம்" என்றார். ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டம் என்று நினைத்திருந்தார் போல.

முகப்பேரில் தடபுடலான சாப்பாடு. வடை, பொரியல், அப்பளம், அடுப்படியில் பாயசம் கொதிக்கும் வாசனை. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, பெரியப்பாதான் எல்லாம். முறுக்கிய மீசையோடு அவரே பரிமாறினார். நான் முதல் உருண்டையை வாயில் வைத்தபோது பக்கத்து இலையில் டிபன் பாக்ஸ் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"இன்னா சம்பந்தி, இலைல கை வைக்காம டப்பாவத் தொறக்கிறீங்கோ?" என்றார் பெரியப்பா.

"நான் இதான் சாப்புடுவேன். நீங்க உக்காந்து துன்னுங்க."

"பாயசமாச்சும் ரவூண்டு ஊத்திக்கோங்க."

அங்கே நிறுத்தியிருக்கலாம். "சர்க்கரைங்கிறது வெள்ள வெசங்க. மாப்பிள அம்மாவுக்கு வேற கால் வீங்கிகினு கீது. இத்தல்லாம் நிறுத்தச் சொல்லுங்க" என்றார் பயறு.

மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். பெரியப்பா சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். "எங்க ஊட்டு சோறு வெசமா பூடுச்சா? புடிக்கலன்னா தண்ணியக் குடிச்சிட்டுப் போய்கினே இருக்கலாமேய்யா. எதுக்கு டப்பாவக் கட்டிகினு வந்து குந்தின?"

பெண் வீட்டுக்காரன் என்கிற முறையில் நானும் பாதி இலையில் எழுந்திருக்க வேண்டியதாயிற்று. பாயசம் அப்போதுதான் அடுப்படியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தரகர் மறுநாளே வந்து, அவர்கள் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். கலா அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. காலையில் எழுந்து, "அம்மா, எனக்கும் பயறு ஊற வச்சிடு" என்றாள். சரோஜாவும், "ஒருத்திக்கு எதுக்கு ஒல வைக்கணும்? எனக்கும் அதே போதும்" என்று அடுப்பை அணைத்துவிட்டாள்.

இந்த மனுஷர் முதல் நாள் மெஷின் மெஷினாகப் போய், "என் குடும்பமே திருந்திடுச்சி" என்று பெருமை அடித்துக்கொண்டார். இரண்டு நாளில் பேச்சு குறைந்தது. வார முடிவில் என்னிடம் வெள்ளரிக்காயைப் பற்றிக்கூட எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தாள். அவர் எங்கள் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் அடுப்படி வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னய்யா பயறு?" என்றேன்.

"ஊட்ல எண்ண வாசனையே இல்ல அண்ணாத்தே." வாணலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கலா என்னாண்ட மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குது. எதுர்ல குந்திகினு பயறு மெல்லுது. அத்தப் பாக்க முடில."

"நீங்க ஆசைப்பட்டதுதானே?"

"நானா ஆசப்பட்டேன்? கலா ஒன்னாங் கிளாஸ் படிக்கசொல்ல டாக்டரு சொன்னாரு. இப்டியே துன்னுகினு கெடந்தா உங்கப்பன் மாரி நீயும் பூடுவேன்னாரு. எங்கப்பன் என் கல்யாணத்தப் பாக்கல. கலா கல்யாணத்த நான் பாக்கணும்னுதான் வாயக் கட்டினேன். இப்ப நானே அத்தக் கெடுத்துட்டு குந்திகினு கீறேன்."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று கேலி செய்தவனிடம் இதை ஒருநாள் சொல்லியிருக்கக் கூடாதா? "யோவ், அண்டா அண்டாவா சாப்பிட்டாத்தான் ஆபத்து. ஒரு வாய் சாப்பிட்டு யாரும் செத்ததில்லை. கிளம்புங்க முகப்பேருக்கு" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. "ஒரு வாய் வச்சா நிறுத்த முடியுமான்னு தெரிலயே அண்ணாத்தே" என்றார். சிங்கம் மாதிரி எங்களுக்கெல்லாம் உபதேசம் செய்தவர் ஒரு வடைக்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

"நிறுத்தலைன்னா நான் கையைப் பிடிச்சுக்கறேன். வாங்க."

சரோஜாவையும் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய் முகப்பேரில் கதவைத் தட்டினோம். பெரியப்பாதான் திறந்தார். பயறு முதல் காரியமாக இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். டப்பா இல்லை. "கை நனைக்க வந்தேன் சம்பந்தி" என்றார்.

"அன்னிக்கி வெசம், இன்னிக்கி மருந்தா?" என்றார் பெரியப்பா. ஆனாலும் கதவைவிட்டு நகர்ந்து வழிவிட்டார்.

பாவம், அந்த அம்மாள் தயாராக இல்லை. சாப்பாடெல்லாம் முடிந்துவிட்டிருந்தது. காலையில் சுட்டு ஆறிப்போன வடை ஒன்றைக் கொண்டுவந்தாள். பெரியப்பா அதைத் தட்டோடு திருப்பி அனுப்பினார். "வடை துன்னா கை நனஞ்ச கணக்கா? சோத்துல கை வைக்கணும்" என்றார். சட்டம் என்றால் சட்டம்தான். அப்புறம் பானையிலிருந்த மிச்சச் சோறும், நேற்று வைத்த மீன் குழம்பும் வந்தன. நேற்றைய மீன் குழம்பின் மகிமையை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பயறு பிசைந்தார். நான் அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் தயாராக உட்கார்ந்தேன். முதல் வாய் உள்ளே போனது. வழக்கப்படி மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். வீடே வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. பெரியப்பாவால் பொறுக்க முடியவில்லை. "யோவ், முள்ளு கிள்ளு மாட்டிகிச்சா?" என்றார்.

பயறு இல்லை என்று தலையை ஆட்டினார். எத்தனையோ வருஷம் காரமே படாத நாக்கு. கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் நீர் கொட்டியது. "காரம் ஜாஸ்தியா?" என்று அந்த அம்மாள் பதறினாள். "கொயம்பு நல்லா கீதும்மா" என்றவர், துடைக்காமல் அடுத்த வாயைப் பிசைந்தார். அது காரம் மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் சரோஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் மீன் குழம்பைத் தொடக்கூட இல்லை.

தட்டு காலியானது. அந்த அம்மாள் சந்தோஷமாகச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பயறு சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் முழங்கையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் அவரே தட்டின் குறுக்கே கையை வைத்து மறைத்தார்.

"போதும்மா."

"நல்லா கீதுன்ன. இன்னும் ரெண்டு வாய் துன்னு" என்றார் பெரியப்பா.

"நல்லா கீறப்பவே எந்திரிச்சிடறேன் சம்பந்தி. கால் வீக்கத்தப் பத்தி நான் சொன்னதுக்கு மட்டும் மன்னிச்சிக்கோங்க."

"நிறுத்தச் சொன்னது தப்பில்ல. எலையில குந்திகினு சொன்னதுதான் தப்பு" என்று சொல்லி, கை கழுவப் பெரியப்பாவே சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். அன்று சாயங்காலம் குவார்ட்டர்ஸில் சரோஜா அடுப்பைப் பற்றவைத்து பஜ்ஜி போட்ட வாசனை எங்கள் பிளாக் வரைக்கும் வந்தது.

கல்யாணம் பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டும்போது பயறு ஸ்டூல் மேல் ஏறி நின்றார். எதற்கு என்று கேட்டதற்கு, "நல்லா பாக்கணும் அண்ணாத்தே" என்றார். பந்தியில் லட்டு வைத்தார்கள். அவர் அதை நேர்பாதியாகப் பிய்த்து ஒரு பாதியை என் இலையில் வைத்தார்.

"முழுசா துன்ன பயமா கீது. துன்னாமப் போனாலும் தப்பாப் பூடுது. பாதிய நீ புடி."

அதற்கப்புறம் அதுவே அவர் புதுக் கொள்கை ஆகிவிட்டது. திங்கள் முதல் சனி வரை பயறும் வெள்ளரிக்காயும். ஞாயிற்றுக்கிழமை சரோஜா கையால் அளவாக ஒரு சாப்பாடு, பாதி இனிப்பு. மீதிப் பாதியைக் காகிதத்தில் மடித்துத் திங்கட்கிழமை என் மெஷினுக்குக் கொண்டுவந்துவிடுவார். பழைய கொள்கைக்குச் செய்த பிரசாரத்தைவிட இதற்குப் பலமாகச் செய்தார். ஆயுத பூஜைப் பொரியைக் கழுவாமல் தின்றார். எங்கள் மெஷின் ஷாப்பே கை தட்டியது.

பயறு ரிட்டையர் ஆன சமயத்தில் கலாவும் மாப்பிள்ளையும் வேலைக்காக ஓசூர் போக, இவரும் சரோஜாவும் பேரப்பிள்ளைகளோடு அங்கேயே போய்விட்டார்கள். எனக்கு இப்போது சர்க்கரை. எங்கள் டாக்டர் பெரிய படிப்பெல்லாம் படித்தவர். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, வாரம் முழுக்கக் கட்டுப்பாடாக இருங்கள், என்றைக்காவது ஆசைப்பட்டால் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள் என்றார். முளைப்பயறு இதை எனக்கு அப்போதே காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டார்.

எப்போதாவது வீட்டில் ஜாங்கிரி வாங்கினால் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு மீதியைத் தட்டிலேயே வைத்துவிடுகிறேன். டாக்டருக்குப் பயந்து என்று வீட்டில் நினைக்கிறார்கள். அந்தப் பாதி என் பங்கு இல்லை என்று அவர்களுக்குத் தெரியாது.