இத்தாலிக்குப் போன தெமோதரைக் கோச்சி

வாழ்க்கையில ஒரே ஒரு கிழமை, என் பொண்டாட்டி பிரான்சிஸ்கா இல்லாம, இத்தாலியில இருக்கணும். இதுதான் நான் எடுத்த முடிவு.

சும்மா எடுக்கலைங்க. நம்ம நாட்டுச் சாப்பாட்டையும் சாமானையும் ரோமாபுரியில கொண்டுபோய்க் காட்டுறாங்களாம். தேயிலைக் கடை போடுறாங்க. அதுக்குப் பக்கத்துக் கடை நம்ம நெல்லி வைனு. வைன்! பூசையில ஃபாதர் குடிக்கிறதத் தூர நின்னு பாத்தவன் நான். தேத்தண்ணி ஊத்திக் குடுக்க ஊவா தோட்டத்து ஆள் ஒருத்தர் வேணும்னதும், எங்க தோட்டத்துப் பெரிய தொரை குரல்ல போன் போட்டு, "யாகோப்புன்னு ஒருத்தன் இருக்கான், தங்கமான ஆளு"ன்னு நானே என்னைப் பத்திச் சொல்லிட்டேன். ஆளப் பாத்து எடுக்க செவ்வாக்கிழமை கொழும்புலேருந்து ஷம்ரா மிஸ் ஸ்பிரிங்வெளி தோட்டத்துக்கு, எங்க லயத்துக்கே வாறேன்னாங்க. கோட்டு தைச்சேன். பாஸ்போர்ட் எடுத்தேன்.

ஆனா பிரான்சிஸ்கா வீட்டுல இருக்கக்கூடாது. வைன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா பாஸ்போர்ட் அடுப்புக்குள்ள போயிரும். அதோட அவ தேத்தண்ணி குடிக்கிற லட்சணம் இருக்கே. உள்ளங்கையில சீனியக் கொட்டி, ஒரு நக்கு, ஒரு மொடக்கு. கொழும்பு மிஸ் முன்னுக்கு மானம் போயிரும்ல.

அதனால கடைக்காரர் தாஸிமோட போன வாங்கினேன். பிரான்சிஸ்காவோட தங்கச்சி ஜெசிந்தினி தெமோதரையில இருக்கா. அவ புருசன் றிச்சர்ட் குரல் எனக்குத் தண்ணி பட்ட பாடு. மூக்கால பேசுனேன்.

"மதினி, ஜெசிந்தினி படியில வழுக்கிட்டா. ஒடனே வாங்க."

இதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்துனா நான் கலைஞனா? கைய வாயில குவிச்சு, ரயிலு, அதான் எங்க கோச்சி, ஸ்டேசனுக்குள்ள வார சத்தம் ஒண்ணும் போட்டேன். கூஊஊ. சும்மா பிச்சிட்டேன்.

"கோச்சிகூட நல்லா கேக்குதே"ன்னா. "இந்தா வாறேன்."

நல்ல சேலையக் கட்டிக்கிட்டு அவ எறங்கிப் போறத ஜன்னலால பாத்தேன். தாஸிம் பொண்டாட்டி றிப்காகிட்ட பூப்போட்ட கோப்பை எரவல் வாங்கி அடுக்கினேன். கோட்ட மாட்டினேன். வேன் வந்துச்சு. கதவு தொறந்துச்சு. மொதல்ல எறங்குனது என் பொண்டாட்டி.

லயத்துல எந்த வீட்டுக்கு நம்பர் இருக்கு? யாகோப்பு வீடு எதுன்னு வேன்காரர் ரோட்டுல விசாரிச்சிருக்காரு. விசாரிச்சது பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நின்ன இவகிட்ட.

"ஜெசிந்தினி காலு எப்பிடி?"ன்னேன், வேற என்னா சொல்றதுன்னு தெரியாம.

"அது நல்லாத்தான் இருக்கு. மண்சரிவுக்குப் பொறவு தெமோதரைப் பக்கம் கோச்சியே ஓடல. நீங்க கூவினது எந்தக் கோச்சி?"

மிஸ் சிரிச்சாங்க. நான் அவசரமா தேத்தண்ணி ஊத்தினேன். இருவது வருசமா தேயிலை ஃபெக்டரியில வேல செய்றேன், ஒரு நாளும் தேத்தண்ணி வச்சதில்ல. மிஸ் ஒரு மொடக்கு குடிச்சிட்டு, கோப்பைய ரொம்ப மரியாதையா கீழ வச்சுட்டாங்க. தண்ணி கொதிக்கலையாம்.

பிரான்சிஸ்கா அடுப்படிக்குப் போனா. இஞ்சி தட்டிப் போட்டு பிளேன்டீ கொண்டாந்தா. மிஸ் கையப் புடிச்சு, விரிச்சு, நடுவுல சீனி கொட்டினா.

"நக்குங்க மிஸ். இப்ப குடிங்க."

மிஸ் நக்குனாங்க. குடிச்சாங்க. மறுக்கா கைய நீட்டினாங்க. இதத்தான் அங்க காட்டணும்னு குதிச்சாங்க. பாஸ்போர்ட் இருக்கான்னு கேட்டாங்க. துபாயில ரெண்டு வருசம் வேல செஞ்சவ, அலுமாரியத் தொறந்து எடுத்தா, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. என்னோடது கழுவி வச்ச பீங்கான் மாதிரி.

"பொம்பளப்புள்ள தனியா, வைன் விக்கிற எடத்துல..."ன்னு இழுத்தேன்.

"வைன் கதைய வேன்லயே மிஸ் சொல்லிட்டாங்க. அந்த எடத்துக்கு உங்கள எப்பிடிங்க அனுப்புறது?"

அவளே இத்தாலிக்குப் போயிட்டா. மூணாம் நாள் வீடியோ கோல் வந்துச்சு. நான் ரொட்டிக்கல்லு தேச்சுக்கிட்டு இருந்தேன். அவளுக்குப் பின்னால வெள்ளைக்காரங்க வரிசை. அம்புட்டுப் பேரும் உள்ளங்கைய நக்கிக்கிட்டு நிக்கிறாங்க. போன அவங்க பக்கம் திருப்பி, "இவருதான் என் வீட்டுக்காரரு. இந்தாங்க, நம்ம கோச்சிய ஒருக்கா கூவுங்க"ன்னா.

கூவினேன். ரோமாபுரியே கை தட்டுச்சு. அந்தச் சந்தோசத்துல, நெல்லி வைன் ஒரு போத்தல் கொண்டாறியான்னு மெதுவா கேட்டேன்.

கோச்சிக்கு எதுக்குங்க வைனுன்னு கேட்டுட்டு, கட் பண்ணிட்டா.