கண்ணுபடாத ஹீட்டர்

குன்னத்தில் எவன் வீட்டிலும் இல்லாத ஒன்று தன்னிடம் இருந்தே தீர வேண்டும் என்று ராஜவேல் முடிவெடுத்துவிட்டார். சுடுதண்ணீர் நீச்சல்குளம்.

குளம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வெங்காயக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சும் போர்வெல் தொட்டிதான். அதற்கு நீல டைல்ஸ் ஒட்டி, திருச்சியிலிருந்து ஒரு கேஸ் ஹீட்டரை வாங்கி வந்து இறக்கினார். மார்கழிக் குளிரில் அவர் வெந்நீரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஊரே வயிறெரிய வேண்டும். ஆனால் ஹீட்டரை மட்டும் யாரும் பார்க்கக் கூடாது, கண்ணுபட்டுவிடும். அதனால் அதையும் சிலிண்டரையும் மோட்டார் ரூமுக்குள் தள்ளி, ஜன்னலை உரச்சாக்கால் அடைத்துவிட்டார். மறுநாள் செந்துறையிலிருந்து மச்சான் நல்லதம்பி பிள்ளைகளோடு வருகிறார். அப்போதுதான் முதன்முதலாகப் பற்றவைப்பது என்று ஏற்பாடு.

மனைவி பாக்யலட்சுமி ரூமுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“கேஸ் கசிஞ்சா மேல போவாதுங்க, தரையிலயே தேங்கி நிக்கும். பக்கத்துலயே மோட்டார் சுச்சு. அதைப் போட்டா பொறி வரும். அப்புறம் ரூமும் இருக்காது, நாமளும் இருக்க மாட்டோம்.”

“நீ என்ன ஹீட்டர் கம்பெனியிலயா வேலை பாத்த?”

“வெங்காயம் சேத்து வைக்கிற பட்டறைக்கே நாலு பக்கமும் காத்து விட்டுத்தான் கட்டுறோம். நெருப்புக்கு வேணாமா? அடைச்ச ரூம்ல எரிஞ்சா, விஷக்காத்து வாசனைகூட தெரியாம ஆளைச் சாச்சுரும்ங்க.”

ராஜவேல் காதில் வாங்கவில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். வேறொருத்தி என்றால் மூக்கைச் சிந்தியிருப்பாள். சும்மா சொல்லக்கூடாது, பாக்யலட்சுமி அந்த ரகமில்லை. போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

மறுநாள் நல்லதம்பி வந்தார். தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். உதட்டைப் பிதுக்கினார்.

“பின்னால விறகடுப்பு போட்டுக் காய்ச்சி ஊத்துறீங்களா மாப்ளை?”

ராஜவேலுக்குச் சுருக்கென்றது. “கேஸ் ஹீட்டர் மச்சான்.”

“எங்க, கண்ணுல காணோமே. எங்கூர்லயும் ஒருத்தன் இப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்.”

அவ்வளவுதான், மானப் பிரச்சினையாகிவிட்டது. குழாய் வேலை பார்க்கும் பிட்டர் மகேஷுக்குப் போன் பறந்தது. கண்ணாவது மண்ணாவது என்று ஹீட்டரையும் சிலிண்டரையும் வெட்டவெளிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார் ராஜவேல். டீ கொண்டுவந்த பாக்யலட்சுமி, சிலிண்டரைக் கொஞ்சம் தள்ளி நிமிர்த்தி வைத்தால் இரண்டும் தனித்தனியாக எடுப்பாகத் தெரியும் என்றாள். தள்ளி வைத்தார். குழாய் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் புதுசு மாதிரி பளபளக்கும் என்றாள். தடவினார்கள்; ஒரு மூட்டில் குமிழி கிளம்பியது. மகேஷ் அதை முறுக்கி இறுக்கினான். தண்ணீரில் ஆவி பறந்தால் அண்ணன் விறகடுப்பு என்றே நினைப்பார், வெதுவெதுப்பாக இருந்தால் போதும் என்றாள். சூட்டையும் குறைத்தார். எப்பேர்ப்பட்ட பொம்பளை பாருங்கள்.

சாயங்காலம் பிள்ளைகள் தொட்டியில் கும்மாளம் போட்டார்கள். நல்லதம்பியும் உள்ளே இறங்கிவிட்டார். ராஜவேல் மார்பு நிமிர்த்தி மனைவியைப் பார்த்தார்.

“பாத்தியா? நீ நேத்து ஏதேதோ சொல்லிப் பயந்த. வெளிய வைக்கணும்னு எனக்கே தோணுச்சு பாரு.”

“ஆமாங்க, இந்த மூளை யாருக்கு வரும்?” என்றாள் பாக்யலட்சுமி.

வெந்நீர் சுகத்தில் கண்ணை மூடியிருந்த நல்லதம்பி அப்படியே கேட்டார்: “ஏம்மா பாக்யம், நீ போன்ல சொல்லிக்குடுத்ததை அப்படியே சொல்லிட்டேன்ல? எதுவும் விட்டுப்போவலையே?”