மந்தையில் நீட்டிய அறுகு

மனைவியை நோய்க்குப் பறிகொடுத்தவர்கள் உண்டு. கோர்ட்டில் தொலைத்தவர்கள் உண்டு. நான் ஒரு சாண் புல்லைக் கொடுத்துத் தொலைத்தேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. பட்டப்பகலில், ஊர்ப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நானே குனிந்து பிடுங்கி, நானே நீட்டி, வாங்கிக்கொள் என்று நானே சொன்னேன். இவ்வளவு முழுமையாக வேறு எந்தக் காரியத்தையும் என் ஆயுளில் நான் செய்து முடித்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்து நான்கு வயது. மதுரை வடக்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடி அறையில், தமிழுக்கு ஒரு பேரகராதி தயாராகிக்கொண்டிருந்தது. (தயாராகி முடியவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.) நிகண்டுகளிலிருந்து சொற்களைப் பொறுக்கி, கையகலச் சீட்டுகளில் எழுதி, வரிசையாக அடுக்குவது என் வேலை. எங்களுக்குத் தலைமை ஒரு பெரிய பண்டிதர். ஒரு சொல்லின் அத்தனை பொருளும் கைக்கு வராமல் அடுத்த சொல்லுக்கு நகர மாட்டார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அகராதி 'அ'வில் இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆனபோதும் 'அ'வில் இருந்தது. அந்தக் கல்யாணம் முடிந்துபோனபோதும் 'அ'வை விட்டு நகரவில்லை.

மனைவி வெள்ளையம்மாள் என் தாய்மாமன் மகள். மாமாவுக்கு மேலூரிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு கிராமம். மில்லில் காவல்காரராக இருந்த என் அப்பா, என்னைக் கைக்குழந்தையாகவே மதுரைக்குத் தூக்கி வந்துவிட்டவர். அவரும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின், பையன் தனியாகக் கிடக்கிறானே என்று மாமா பெண் கொடுத்தார். எங்கள் சனத்தின் வழக்கம் ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. (படித்தவனாம்!)

வெள்ளையம்மாள் வாயைத் திறந்தால் அகராதியில் இல்லாத சொல்லாக வரும். எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. கல்யாணமான புதிதில் செடி, கொடி, பாத்திரம் எதைக் காட்டிக் கேட்டாலும் முகம் மலர்ந்து பேர் சொல்வாள். ஒருநாள் நான் சாப்பிட உட்கார்ந்தபோது சுவரில் சாய்ந்துகொண்டு, "இடுப்பு அம்புட்டு வலிக்குது மச்சான்" என்றாள்.

நான் எச்சில் கையோடு எழுந்துபோய்ச் சீட்டை எடுத்தேன். "இன்னொரு தடவை சொல்லு."

"இடுப்பு வலிக்குதுன்னேன்."

"அது இல்லை, அந்த 'அம்புட்டு'!"

எழுதிக்கொண்டேன். இடுப்பு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. தண்ணீருக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு "வாரேன்" என்று அவள் கிளம்பினால், "வருகிறேன் என்று சொல்" என்று திருத்துவேன். போகப்போக அவள் பேசுவது குறைந்தது. சீட்டுகள் குறைகின்றனவே என்றுதான் எனக்கு வருத்தம்.

கல்யாணமான எட்டாவது மாதம், ஆடிக்கு அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஆவணி பிறந்தது, வரவில்லை. நான் செந்தமிழில் நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது தபால் பெட்டியில் போட்ட பிறகு நினைவுக்கு வந்தது. அதன்பின்தான் வீடு என்னைத் தின்ன ஆரம்பித்தது. அடுப்பு அணைந்து கிடந்தது. கொடியில் அவள் விட்டுப்போன சேலை ஒன்று தொங்கியது. அதை மடித்து வைக்கவும் கை வரவில்லை. அவள் இல்லாமல் என்னால் முடியாது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

புரட்டாசியில் மாமா ஆள்மூலம் சொல்லியனுப்பினார்: வெள்ளிக்கிழமை காலை மந்தைக்கு வந்து, பெரியவர்கள் முன்னால் நல்ல வார்த்தை ஒன்று சொல்லிப் பெண்ணைக் கூட்டிப்போகட்டும்.

பண்டிதரிடம் விடுப்புக் கேட்டேன். பண்டிதர் அப்போது 'அறுகு' என்ற சொல்லில் உட்கார்ந்திருந்தார். பிள்ளையாருக்குச் சாத்துவது, கல்யாணத்தில் பாலில் தொட்டு மணமக்களை வாழ்த்துவது என்று புல்லுக்குரிய வழக்கெல்லாம் சேர்ந்துவிட்டன. நிகண்டு ஒன்றில் அறுகுக்குச் சிங்கம் என்றும் ஒரு பொருள் இருந்தது. மேய்ச்சல்காரர்கள் வழக்கு மட்டும்தான் பாக்கி.

"மேலூர்ப் பக்கம்தானே? மாடு மேய்ப்பவர்கள் என்ன சொல்லி வழங்குகிறார்கள் என்று கேட்டு வாரும். விடுப்பு எதற்கு, வேலையாகவே போம்" என்றார்.

இப்படியாக, மனைவியை மீட்கப் போனவன் பையில் வெற்றுச் சீட்டுகளும் பென்சிலும் இருந்தன. ஒத்தக்கடை தாண்டியதிலிருந்து அவளிடம் சொல்ல வேண்டியதை பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மேலூரில் இறங்கி நடக்கும்போது, மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் தரையைக் காட்டி, "இதுக்கு என்ன பேருண்ணே?" என்றேன்.

"புல்லு."

"அது சரிண்ணே, என்ன புல்லு?"

"மாடு திங்கிற புல்லு" என்றவர், என்னைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு மாடுகளை அந்தப் பக்கம் ஓட்டிப்போனார். சீட்டு வெறுமையாகவே இருந்தது.

மந்தை என்பது ஊர் மாடுகளுக்காக விட்ட பொதுவெளி. ஊர் கூடிப் பேசுவதும் அங்கேதான். வேப்பமரத்தடியில் ஊர்த் தலைவரான அம்பலகாரரும் ஏழெட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் மாமா. இன்னொரு பக்கம் தன் தாயோடு வெள்ளையம்மாள். என்னைப் பார்த்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வா மாப்ள, மொதல்ல தண்ணியக் குடி" என்றார் அம்பலகாரர். குடித்தேன். "ஒம்மேல பெருசா ஒரு கொறையும் இல்லப்பா. அடிக்கல, பட்டினி போடல. 'அவுக நல்லவுகதேன், ஆனா எங்கிட்டப் பேச மாட்டாக'ங்குது புள்ள. அம்புட்டுத்தேன் வழக்கு. எந்திரிச்சுப் போயி ரெண்டு வார்த்தை பேசு. கூட்டிக்கிட்டுப் போ."

இவ்வளவுதான். ஒரு குழந்தைகூடச் செய்திருக்கும்.

எழுந்துபோய் அவள் முன்னால் நின்றேன். பஸ்ஸில் சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. அறையில் பெட்டி பெட்டியாகச் சொற்களை அடுக்கி வைத்திருந்தவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எல்லாரும் பார்த்தார்கள். நான் கீழே பார்த்தேன். காலடியில் அறுகு, புரட்டாசி வெயிலில் காய்ந்து படர்ந்து கிடந்தது. கல்யாணத்தில் எங்கள் தலையில் பால் தெளித்த அதே புல். பேர் கேட்டால் அவள் முகம் மலருமே, கேட்போம் என்று தோன்றியது. சத்தியமாக, அன்பாகத்தான் தோன்றியது.

குனிந்து ஒரு புல்தாளைப் பிடுங்கி நீட்டினேன். "இந்தா, வாங்கிக்கோ."

"மாப்ள, வேணாம்!" என்று மாமா எழுந்தார். பேச்சு போதும், கூட்டிப் போ என்கிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளையம்மாள் புல்லைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை, கல்யாணமான நாளிலிருந்து பார்க்காத அளவு நிதானமாகப் பார்த்தாள்.

"நெசமாவா குடுக்குறீக?"

"நெசமாத்தான். உனக்குத்தான்."

இரண்டு கையையும் நீட்டி வாங்கி, சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. சீட்டையும் பென்சிலையும் எடுத்தேன். "இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?"

"துரும்பு" என்றாள்.

அவள் தாய் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். நான் 'துரும்பு' என்று அழகாக எழுதிக்கொண்டேன்.

விஷயத்தை மாமாதான் துண்டால் கண்ணைத் துடைத்தபடி எனக்குச் சொன்னார். எங்கள் சனத்தில் கல்யாணத்தை முறிக்க அன்று வக்கீல் தேவையில்லை. பெரியவர்கள் முன்னால் புருஷன் ஒரு துரும்பை எடுத்துப் பெண்டாட்டி கையில் கொடுக்க வேண்டும். அவள் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. அந்தப் பக்கத்தில் மாடு மேய்க்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. எனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்டால், துரும்பு 'து'வில் வருகிறது. நாங்கள் 'அ'வில் இருந்தோம். அகராதியைக் கடைசியிலிருந்து தொடங்கியிருந்தால் என் குடும்பம் பிழைத்திருக்கும்.

நான் அம்பலகாரர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதும் மண்டையில் ஓடியது புத்தகம்தான். "ஐயா, அது துரும்பு இல்லை, அறுகு. அடிக்கணுவில் பச்சை இருந்தது. நான் பேர் கேட்கத்தான் பிடுங்கினேன். அறுகு மங்கலமான புல். நிகண்டில் அதற்குச் சிங்கம் என்றுகூடப் பொருள் இருக்கிறது, ஐயா!"

அம்பலகாரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சிங்கத்தையே குடுத்திருந்தாலும் குடுத்தது குடுத்ததுதேன், மாப்ள" என்றார். இருந்தாலும் நல்ல மனிதர். அவள் பக்கம் திரும்பினார். "ஆத்தா, பய வெவரமில்லாம நீட்டிட்டான்னு தோணுது. திருப்பிக் குடுக்குறதுன்னா குடுத்துரு, நாங்க பாக்கலன்னு வச்சுக்கிறோம். நீ என்ன சொல்ற?"

என் உயிரே அந்த முந்தி முடிச்சில் இருந்தது. அவள் அதை அவிழ்க்கவில்லை.

"குடுத்தாக. வாங்கிக்கிட்டேன்" என்றாள்.

நான் தனியாகத் திரும்பினேன். வீட்டுக்கு வந்து கொடியிலிருந்த சேலையை எடுத்து, முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். மறுநாள் வேலைக்குப் போய்ச் சீட்டைக் கொடுத்தேன். பண்டிதர் படித்துவிட்டுச் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார். "அறுகு வேறு, துரும்பு வேறு. கவனக்குறைவு" என்று ஓரத்தில் எழுதினார். நான் வாங்கிய தீர்ப்புகளில் அதுதான் மிகச் சரியானது.

பிறகு யுத்தம் வந்தது, காகிதத் தட்டுப்பாடு வந்தது. அகராதி 'ஆமை' வரை வந்து நின்றுவிட்டது. சீட்டுகளைக் கறையான் படித்து முடித்தது. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானேன். மதுரைக்குப் பக்கத்துப் பரவையிலிருந்து இன்னொரு பெண் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளிடம் எல்லாவற்றையும் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் ஒரு சட்டம் போட்டுவிட்டாள்: காம்பு, தாள், குச்சி என்று எதையும் நான் அவள் கையில் கொடுக்கக் கூடாது. முருங்கைக் கீரையோ கறிவேப்பிலையோ வாங்கி வந்து நீட்டினால், "கீழ வைங்க, கீழ வைங்க!" என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். பிள்ளையார் சதுர்த்தி அன்று அறுகம்புல் கட்டோடு நான் வாசலில் நுழைந்தால் போதும், பிள்ளைகள் கூட்டமாக வந்து நின்றுகொண்டு, "சிங்கத்தைக் குடுத்தாலும் குடுத்தது குடுத்ததுதேன்!" என்று கத்துவார்கள். வந்த விருந்தாளிக்கு முதலில் தண்ணீர், அடுத்தது இந்தக் கதை. அம்பலகாரரின் சிங்கத்தோடு கதை முடியும். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

அதற்கு மேலும் கொஞ்சம் இருக்கிறது. வீட்டில் சொன்னதில்லை.

பத்து வருஷம் கழித்து, ஒரு வேலையாக மேலூர் போனபோது சந்தையில் அவளைப் பார்த்தேன். அவளுக்கும் வேறு கல்யாணம் ஆகியிருந்தது. புருஷன் சற்றுத் தள்ளி மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளே கூப்பிட்டாள்.

"மச்சான், மெலிஞ்சு போயிட்டீகளே."

கொஞ்ச நேரம் ஊர்க் கதை பேசினோம். பிறகு, பத்து வருஷமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு மந்தையில நான் பேர் கேட்கத்தான் பிடுங்கினேன். உனக்குத் தெரியாதா?"

"பாத்த ஒடனே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் வாங்கினே?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அன்னைக்காவது வேற ஏதாச்சும் கேப்பீகன்னு நெனச்சேன், மச்சான்" என்றாள்.

புருஷன் கூப்பிட்டார். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வாரேன்" என்றாள். நான் திருத்தவில்லை. இடுப்பு வலி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுப்பதற்குள் கூட்டத்தில் போய்விட்டாள்.

ஆகவே பிள்ளைகள் சிங்கத்தோடு கதையை முடிக்கும்போது நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துவிட்டு, கையிலிருக்கும் அறுகங்கட்டைக் கீழே வைத்துவிட்டு, மனைவியிடம் இன்றைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். தினமும் இதையே ஏன் கேட்கிறேன் என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை.