விரல் சொன்ன கலெக்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே தார்வாட் கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. கல்யாணம் ஒன்றுமில்லை. பிள்ளைகளின் விரல் ரேகையைப் பார்த்து மூளைக்குள் இருப்பதைச் சொல்லும் டாக்டர் வித்யாதர் அங்கடி வந்திருந்தார். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கோட்டு போட்டிருந்தார், அது போதாதா?

இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேராசிரியர்கள். பஸ் ஸ்டாண்டில் கைரேகை பார்ப்பவனைக் கண்டால் மூக்கைச் சுளிக்கிற ஜனங்கள். அதே ரேகையைக் கணினியில் ஏற்றி, சுவரில் ஒரு மூளைப் படத்தை மாட்டி, "வெளிநாட்டு ஆராய்ச்சி" என்று சொன்னதும், பிள்ளைகளின் பத்து விரலையும் சோப்புப் போட்டுத் தேய்த்து வரிசையில் நிறுத்திவிட்டார்கள்.

மண்டபத்துக்கு எதிரே அச்சும் பைண்டிங்கும் போடும் கடை என்னுடையது. திருவண்ணாமலையை விட்டு இந்தக் கர்நாடக ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அங்கடியின் அறிக்கைகள் என் கடையில்தான் அச்சாகின. நாற்பது பக்கம், தங்கநிற அட்டை. அதில் முப்பத்தெட்டுப் பக்கம் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றேதான். "இக்குழந்தையிடம் வெளிவராத திறமை உண்டு. சில நேரம் பிடிவாதம் பிடிக்கும். அன்பாகக் கையாண்டால் வழிக்கு வரும்." என் பழைய ஸ்கூட்டருக்கும் இது அப்படியே பொருந்தும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

விரல் வைப்பதற்கு முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அப்பாவுக்கு என்ன தொழில்? சொந்தக் கார் உண்டா? பிள்ளையை என்னவாக்க ஆசை? பார்ப்பது விரல் என்றால் கார் எதற்கு என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! கார் இருந்தவர்கள் பெருமையாக எழுதினார்கள். இல்லாதவர்கள் மச்சினன் காரை எழுதினார்கள்.

மறுநாள் பேடா இனிப்புக் கடை சென்னப்பா தன் மகளின் அறிக்கையை லேமினேஷன் போடக் கொண்டுவந்தார். கூடவே மகள் மகாதேவி, அழுது வீங்கிய கண்ணோடு. பத்தாம் வகுப்பு முடித்த பெண். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உளவியல் நடத்தும் நீலா தேசாய், பரீட்சைப் பயம் பற்றிய தன் ஆராய்ச்சியை பைண்டிங் போட வந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன சாவ்கார், பொண்ணு முகம் ஏன் இப்பிடி இருக்கு?" என்றார் நீலா. கடை முதலாளியை இங்கே சாவ்கார் என்பார்கள்.

"கணக்கு மூளை பதினோரு சதவீதம்தானாம் மேடம். சயின்ஸ் எடுத்தா மனசு ஒடஞ்சு போயிருமாம். கைவேலைதான் வருமாம். தையல் கிளாஸ்ல சேக்கப் போறேன்."

"பரீட்சையில கணக்குல எவ்ளோ?"

"தொண்ணூத்தெட்டு."

"அதை யார் எழுதினா? உங்க எருமையா?"

மகாதேவிக்கு அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா, எனக்குப் பிடிச்சதே கணக்குதான்ப்பா. அடுத்த திங்கக்கிழமையோட அட்மிஷன் முடியுது."

"சும்மாரு அவ்வா, என் தாயே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." அவர் நீலா பக்கம் திரும்பினார். "எங்க சந்துல ஒரு பொண்ணு சயின்ஸ் எடுத்து, படிக்க முடியாம சுவத்தப் பாத்தே உக்காந்துருச்சு மேடம். நான் ஏழாங்கிளாஸ். நான் என்னத்தக் கண்டேன்? மெஷின் வெச்சுப் பாத்த மனுஷன் சொல்றான்."

சென்னப்பா கெட்ட தகப்பன் இல்லை. பயந்த தகப்பன். அங்கடி மாதிரி ஆட்களின் வியாபாரம் நடப்பதே இந்தப் பயத்தில்தான்.

நீலா சண்டை போடவில்லை. "உங்க கடைத் தராசுல ஒரே பேடாவை ரெண்டு தரம் வெக்கிறீங்க. ரெண்டு தரமும் வேற வேற எடை காட்டுது. என்ன பண்ணுவீங்க?"

"தூக்கிக் குப்பையில போடுவேன்."

"அந்த ஆளோட மெஷினையும் அதே மாதிரி சோதிச்சுப் பாத்துருவோம். ஒரே எடை காட்டுச்சுன்னா தையல் மெஷின் நானே வாங்கித் தரேன். மாத்திக் காட்டுச்சுன்னா மகாதேவி சயின்ஸ்ல சேரணும். சரியா?"

சென்னப்பா மகளைப் பார்த்தார், தங்க அட்டையைப் பார்த்தார். "சரி."

வெளியூர்க்காரர்கள் நேரில் வர வேண்டாம், மையில் விரலைப் பதித்துத் தபாலில் அனுப்பினால் போதும் என்று அங்கடியே ஒரு வசதி வைத்திருந்தார். என் கடை முத்திரை மையில் மகாதேவியின் பத்து விரலும் இரண்டு அட்டைகளில் பதிந்தன. ஒரு படிவத்தில் அவள் ஹூப்ளி இதய டாக்டரின் மகள் ஷர்வரி. இன்னொன்றில் பெல்காம் இந்துஸ்தானி பாடகரின் மகன் ஓங்கார்.

"சாவ்கார், உங்க விரலையும் வைங்க."

"என் விரல்ல என்ன இருக்கு? ரேஷன் கடை மெஷினே என்னைப் பாத்து யாருங்குது."

உண்மைதான். முப்பத்தைந்து வருடம் அடுப்படியில் நின்று பால் கிண்டி, சூடு ஆறாத கோவாவைப் பிசைந்து உருட்டிய விரல்கள். ரேகை எல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தன. அட்டையில் பத்துக் கறுப்புத் திட்டுகள்தான் விழுந்தன. நீலா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது இன்னும் நல்லதாப் போச்சு" என்றபடி படிவத்தை நிரப்பினார். பெயர் ஷிரேயஸ். வயது ஏழு. தகப்பனார் பிஜாப்பூர்ப் பக்கம் பெரிய அரசு அதிகாரி. இரண்டு கார்.

அடுத்த ஞாயிறு கூட்டம் இரட்டிப்பாகிவிட்டது. ஜன்னலில் எல்லாம் தலைகள். அங்கடி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெற்றோர்களே! தபால்ல மூணு அபூர்வமான விரல்கள் வந்திருக்கு. ஹூப்ளி ஷர்வரி! பிறவி மருத்துவர். உயிரியல் மூளை தொண்ணூத்திரண்டு சதவீதம்!"

கைதட்டல்.

"பெல்காம் ஓங்கார்! ரேகை முழுக்க ராகம். கணக்குப் பக்கம் தள்ளிராதீங்க, குரல் போயிரும்!"

விசில்.

"மூணாவது ஷிரேயஸ். என் அனுபவத்துல இவ்வளவு தெளிவான தலைமைச் சுழி பாத்ததே இல்ல. இருபத்தஞ்சு வயசுல இவன் கலெக்டர். எழுதி வெச்சுக்கோங்க!"

நிஜமாகவே நாலு பேர் எழுதி வைத்துக்கொண்டார்கள். நீலா எழுந்தார்.

"சார், டாக்டரும் பாடகனும் ஒரே பொண்ணு. இதோ நிக்கிறா, மகாதேவி. போன வாரம் இவளுக்குத் தையல்னு எழுதிக் குடுத்தீங்க. ஒரே பத்து விரல், மூணு தலையெழுத்து. மாறினது விரல் இல்ல, படிவத்துல இருந்த அப்பா."

அங்கடி அசரவில்லை. "மேடம், பேரை மாத்திக் குடுத்தா எண்ணம் மாறும். எண்ணம் மாறினா ரேகையோட அலையும் மாறும். இது அறிவியல்."

"ஆமா, அலை!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குள் சென்னப்பா வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு மேடை ஏறிவிட்டார்.

"அந்தக் கலெக்டர் நான்தாங்க. வயசு அம்பத்தாறு. இன்னும் ஆர்டர் வரல."

மண்டபம் குலுங்கியது.

"அண்ணா, உங்க ரேகை தெளிவா..." என்று அங்கடி இழுத்தார்.

"தெளிவா இருக்கா? உங்க மெஷின்லயே வெச்சுப் பாத்துருவோம்."

கட்டை விரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளிருந்து ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது: "ரேகை தெரியவில்லை. மீண்டும் முயலவும்." ஆள்காட்டி விரல். "ரேகை தெரியவில்லை." நடுவிரல். நாலாவது விரலில் கூட்டமே சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டது. பத்து விரலும் முடிந்தன. அன்று அங்கடியின் பக்கம் பொய் சொல்லாதது அந்த மெஷின் ஒன்றுதான்.

"இல்லாத ரேகைக்கு நாப்பது பக்கம் எழுதியிருக்கியே சாமி" என்றார் சென்னப்பா. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "உன் பேச்சைக் கேட்டு எம்பொண்ணை ஒரு வாரம் அழ வெச்சுட்டேனே!"

வெளிநாட்டிலிருந்து அவசர அழைப்பு என்று அங்கடி கைப்பேசியைக் காதில் வைத்தபடி பின்வாசலுக்கு நடந்தார். அங்கே மண்டபத்துச் சமையல்காரர்கள் வழியை மறித்து நின்றார்கள், அவர்களும் பிள்ளைகளைப் பெற்றவர்கள்தானே. விசாரித்ததில், போன வருடம் வரை அவர் அலுவலகங்களுக்கு வருகைப் பதிவு மெஷின் விற்றவர் என்று தெரிந்தது. மேசையில் இருந்ததும் அதே மெஷின்தான். வாங்கிய கட்டணத்தை எல்லாம் திருப்பிக் கொடுத்த பிறகே கோட்டு வெளியே போனது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாகக் கடையைத் திறந்திருப்பேன். கூட்டம் நீலாவைச் சுற்றிக்கொண்டது. ஒருவர் முன்னால் வந்தார்.

"மேடம், நீங்க உளவியல்தானே? எங்க ரெட்டைப் பொண்ணுங்களுக்கு என்ன வரும்னு நீங்க பாத்துச் சொல்லுங்களேன்."

"பத்து வருஷமா குழந்தைங்களைத்தான் ஆராய்ச்சி பண்றேன். ஒரு குழந்தை என்னவாகும்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லத் தெரியும், அவ்ளோதான். அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"எதை?"

"என்ன பிடிக்கும்னு."

அந்த மனிதர் தன் மகள்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களுக்கு வாய் இருப்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது போலிருந்தது.

திங்கட்கிழமை மகாதேவி சயின்ஸில் சேர்ந்தாள். தங்க அட்டையைச் சென்னப்பா பேடா டப்பாவுக்கு அடியில் போட வெட்டிக்கொண்டார். நல்ல கெட்டி அட்டை, வீணாக்கவில்லை.

போன வாரம் என் கடைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். காது மடலைப் பார்த்துப் புத்தியைக் கணிக்கும் நிலையமாம், ஆயிரம் நோட்டீஸ் வேண்டுமாம். கோட்டு போட்டிருந்தார். "ஒரே காதை ரெண்டு தரம் காட்டினா ஒரே புத்தி வருமா?" என்று கேட்டேன். காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார். அங்கே அடித்துக் கொடுத்துவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, அதே மண்டபம்.

போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். பிள்ளையின் காதைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வாசலைத் தாண்டும்முன் உங்கள் தலையை மட்டும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பதை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வரவில்லையே?